டிராயிங் பீரியடைத் திருடியவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியராக இருப்பவர்களும் இருந்தவர்களும், பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்களும் முழுவதும் படித்துவிடுங்கள். அதன்பிறகு என்னைத் திட்ட வேண்டுமென்றால் தாராளமாகத் திட்டுங்கள்.

இரண்டு மாதம் முன்பு என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினாள். "நம்ம ஏற்காட்டுலதான் டீச்சர். உங்களுக்குப் படம் வரையறதுன்னா புடிக்குமே, போய்ட்டு வாங்க" என்று கீழே ஒரு வரி. திறந்து பார்த்தேன். காபித் தோட்டத்துக்கு நடுவே ஒரு தங்கும் விடுதி. பெயர் வேண்டாம், இவர் இல்லாவிட்டால் இன்னொருவர். இரண்டு இரவு, மூன்று பகல். மூளை அறிவியல் அடிப்படையில் ஆர்ட் தெரபி. மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி. மண்டலா வரைதல். உங்கள் வலது மூளையைத் திறக்கிறோம், மூளையின் வயரிங்கை மாற்றுகிறோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. தலைக்கு எவ்வளவு என்பது மட்டும் கடைசியில் சின்ன எழுத்தில். 2012-ல் நம் அரசுப் பள்ளிகளுக்கு எடுத்த பகுதிநேர ஓவிய ஆசிரியருக்குக் கொடுத்த மாதச் சம்பளம் 5,000 ரூபாய். விடுதிக்காரர் கேட்டது அதைப்போல் மூன்று மடங்கு.

கோபம் வந்தது. முதலில் விடுதிக்காரர் மேல். யோசிக்க யோசிக்க அது அரசாங்கத்தின் மேல் திரும்பியது. கடைசியில் என் மேலேயே வந்து நின்றது.

நான் 1980-களின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். பட்டயம்தான், பட்டம் இல்லை. மூளையைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் முப்பத்து நான்கு வருடம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன். அதில் பதினோரு வருடம் சேர்வராயன் மலையில். அந்த விளம்பரத்தில் இருந்த ஒவ்வொரு பெரிய சொல்லையும் தாளில் எழுதி என் மகளிடம் கொடுத்து, "இதுக்கெல்லாம் ஆய்வு இருக்கா, இருந்தா எடுத்துக் கொடு" என்றேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். படித்து முடித்தபோது எனக்குத் தெரிந்தது இது: விளம்பரம் சொல்வதில் பாதி பொய். மீதிப் பாதி உண்மை. அந்த உண்மைப் பாதி விடுதிக்கு ஆதரவான வாதம் இல்லை, பள்ளிக்கூடத்து டிராயிங் பீரியடுக்கு ஆதரவான வாதம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1996. மலைக்கிராமத்துப் பள்ளி ஒன்று. நாலாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. நன்றாகப் பேசுவாள், பாட்டு வந்தால் முதல் குரல் அவளுடையதுதான். மாசி மாதம், மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சாத்தி ஏறியிருந்த அவள் அப்பா தவறி விழுந்து இறந்துபோனார். பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். பேச்சு இல்லை. பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" வராது, தலையை மட்டும் அசைப்பாள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் டிராயிங். சிலேட்டில் ஒரு மரம் வரைந்தாள். அடுத்த வெள்ளியும் அதே மரம். உயரமான நேர் மரம், அதைச் சுற்றிக் கொடி. ஏணி இருக்காது, ஆள் இருக்காது.

மூன்றாவது வெள்ளி டிராயிங் பீரியட் இல்லை. ஏ.இ.ஓ. ஆண்டாய்வு வருகிறது, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வராது, அதனால் அந்த பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டேன். அடுத்தடுத்த வாரமும் எடுத்துக்கொண்டேன். அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள். நோட்டுத் திருத்தும்போது அதைப் பார்த்தேன். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, "கணக்கு நோட்டில் படம் வரையாதே" என்று எழுதினேன். கையெழுத்து, தேதி எல்லாம் போட்டேன். அவள் அதற்குப் பிறகு வரையவில்லை. அடுத்த வருடம் பள்ளிக்கும் வரவில்லை. அம்மாவோடு எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

நான் படம் வரைய விட்டிருந்தால் அவள் படித்துப் பெரிய ஆளாகியிருப்பாள் என்று சொல்லவில்லை. குடும்பத்தில் சம்பாதிக்கிற கை போய்விட்டது. அதைக் கிரேயான் ஈடுகட்டாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வாரத்தில் நாற்பது நிமிடம் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்தது நான்தான்.

இனி அறிவியலுக்கு வருகிறேன்.

அதே 1996-ல் அமெரிக்காவில் ஸ்காட் ரவுச் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பெரிய அதிர்ச்சிக்கு உள்ளாகி அதிலிருந்து மீள முடியாமல் இருந்த எட்டுப் பேர். அவரவருக்கு நடந்ததை அவரவருக்கே ஒலிநாடாவில் போட்டுக் காட்டி, அந்த நேரத்தில் மூளையில் எங்கே இரத்த ஓட்டம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று ஸ்கேன் எடுத்தார்கள். பயத்தோடு சம்பந்தப்பட்ட பகுதிகளில் ஓட்டம் கூடியது. அமிக்டலா என்று பாதாம் பருப்பு வடிவில் ஒரு பகுதி இருக்கிறது, அதன் அக்கம்பக்கம். கண்ணால் பார்ப்பதைக் கையாளும் பகுதியிலும் கூடியது. பேச்சை உருவாக்குவதில் பெரும் பங்குள்ள புரோக்கா பகுதியில் குறைந்தது. அதாவது உள்ளே படம் ஓடுகிறது, வாயில் சொல் வரவில்லை. எட்டே பேர்தான், அதை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனால் அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிலேட்டு மரம்தான் கண் முன்னே நின்றது. பேச வராத பிள்ளை ஏன் வரைந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு இருபத்தெட்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அடுத்தது 2016. பிலடெல்பியாவில் இருக்கும் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்பவரும் சக ஆய்வாளர்களும் செய்தது. 39 பெரியவர்கள். களிமண், வண்ணப் பேனா, வெட்டி ஒட்டும் தாள்கள் கொடுத்து, விருப்பம்போல் செய்யுங்கள் என்று 45 நிமிடம் விட்டார்கள். முன்னும் பின்னும் எச்சில் எடுத்து கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை அளந்தார்கள். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது சுரப்பது அது. முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. படம் வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் அதில் இல்லை.

இந்த ஆய்வைத்தான் விடுதிக்காரர்கள் அதிகம் சொல்கிறார்கள். ஆனால் ஆசிரியராக இருந்தவள் விடைத்தாளை முழுவதும் பார்ப்பாள். கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, படம் வரையாமல் சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு குழு அங்கே இல்லை. கார்ட்டிசோல் பொழுது ஏற ஏறத் தானாகவே குறையும் தன்மை உடையது. இதையெல்லாம் விளம்பரம் சொல்லாது. அப்படியே ஆய்வை நம்பினாலும், அது சொல்வது என்ன? 45 நிமிடம், மண், தாள், வண்ணம், மார்க் போடாத ஒரு ஆள் பக்கத்தில். இதற்கு மலை உச்சியில் ஏ.சி. அறை எதற்கு? 45 நிமிடம் என்றால் என்ன? நண்பர்களே, அது ஒரு பீரியட்!

மண்டலாவுக்கு வருவோம். 2005-ல் கர்ரி, காசர் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வண்ணம் தீட்ட மண்டலா. இன்னொரு குழுவுக்குக் கட்டம் போட்ட துணி மாதிரி ஒரு வடிவம். மூன்றாவது குழுவுக்கு வெறும் வெள்ளைத்தாள். முதல் இரண்டு குழுவுக்கும் பதற்றம் குறைந்தது. வெள்ளைத்தாள் குழுவுக்குக் குறையவில்லை. கவனியுங்கள், மண்டலாவுக்கு மந்திரம் எதுவும் இல்லை; கட்டம் போட்ட துணியும் அதே வேலையைத்தான் செய்தது. இதைப் படித்ததும் எனக்கு விடியற்காலையில் புள்ளி எண்ணி வைக்கும் என் அம்மாவின் நினைவு வந்தது. கோலத்தை வைத்து அந்த ஆய்வு நடக்கவில்லை, அதனால் 'நம் முன்னோர் அப்போதே சொன்னார்கள்' என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. ஆனால் வெள்ளைத்தாள் விஷயம் எந்த ஆசிரியருக்கும் தெரிந்ததுதான். 'ஏதாவது வரை' என்றால் பிள்ளை விழிக்கும். 'உங்க வீட்டு வாசல்ல நின்னா என்ன தெரியும், அதை வரை' என்றால் குனிந்து ஆரம்பித்துவிடும். பதறியிருக்கிற பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு வரம்பு வேண்டும்.

வலது மூளையைத் திறக்கிறோம் என்பது சுத்தப் பொய். கலைஞருக்கு வலது மூளை, கணக்குக்காரருக்கு இடது மூளை என்ற கதையை 2013-ல் யூட்டா பல்கலைக்கழகம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளை ஸ்கேன்களை வைத்துப் பார்த்தது. ஒரு பக்க மூளையே ஓங்கி நிற்கும் மனிதர் என்று ஒரு வகைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சில வேலைகள் ஒரு பக்கம் அதிகம் நடக்கும், அவ்வளவுதான். ஆக, திறப்பதற்கு அங்கே பூட்டிய கதவு எதுவும் இல்லை.

மைண்ட்ஃபுல்னெஸ் பற்றி. 1979-ல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இதை முறைப்படி ஆரம்பித்தார். மருந்துக்குக் கட்டுப்படாத நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்கு. எட்டு வாரப் பயிற்சி, தினமும் வீட்டுப்பாடம் உண்டு. இரண்டு இரவு இல்லை. மூச்சையும் உடம்பையும் கவனிப்பது, இந்த நிமிடத்தில் இருப்பது, வருகிற எண்ணத்தை நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல் பார்ப்பது. படம் வரைவதோடு இது ஒத்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. கோடு இழுக்கிற கை இப்போது இங்கேதான் இருந்தாக வேண்டும். தீர்ப்பு சொல்லாமல் பார்ப்பது என்பது டிராயிங் பீரியடில் மார்க் போடாமல் இருப்பதுதான்.

இதைப் படிக்கும் சில தனியார் பள்ளி நிர்வாகிகள், 'அப்படியானால் பிள்ளைகளுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு வைத்துவிடலாமே' என்று கிளம்பிவிடுவார்கள். நில்லுங்கள். பிரிட்டனில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்து 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். 85 பள்ளிகள், 11 முதல் 14 வயது வரை உள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். வழக்கமான பள்ளி வகுப்புகளைவிட இது கூடுதல் பலன் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. கண்ணை மூடி உட்கார் என்று உத்தரவு போட்டால் பிள்ளை கண்ணை மூடும், மனம் மைதானத்தில் இருக்கும். இதற்கு எட்டாயிரம் பேர் தேவையில்லை, என் வகுப்பில் முப்பது பேரே போதும்.

இப்போது வரலாறு. எனக்கு அதிக வலி கொடுத்தது இந்தப் பகுதிதான்.

ஆர்ட் தெரபி என்ற பெயரை 1942-ல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தபோது பொழுதுபோகாமல் வரைந்தார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் சொல்லிக் கொடுத்தார். அப்படி ஆரம்பித்தது. அதே 1942-ன் கடைசியில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற யூத ஓவிய ஆசிரியையை நாஜிகள் டெரசீன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பசியும் நோயும் சாவும் நிறைந்த இடம். அங்கே கிடைத்த தாளையெல்லாம் சேர்த்துப் பிள்ளைகளுக்கு டிராயிங் வகுப்பு நடத்தினார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்சில் கொன்றுவிட்டார்கள். வகுப்பில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோரையும் கொன்றுவிட்டார்கள். இரண்டு பெட்டியில் ஏறத்தாழ 4,500 படங்கள் மிஞ்சின. அவரிடம் முன்பு படித்த எடித் கிரேமர் தப்பி நியூயார்க் போய், அங்கே ஆண்பிள்ளைகள் விடுதிப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்து, ஆர்ட் தெரபி என்ற துறைக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவரானார்.

இதை ஒருமுறை நின்று யோசியுங்கள். இன்று ஆயிரக்கணக்கில் விற்கிற இந்தத் துறையின் வேர்களில் ஒன்று ஒரு டிராயிங் டீச்சர்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் மொழி பேசும் மண்ணிலேயே இருக்கிறது. அதே 1996-ல், நான் சிவப்பு மைக் கோடு போட்ட வருடத்தில், இலங்கை மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று ஒன்று ஆரம்பமானது. இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான பால் சற்குணநாயகம் அடிகளும், பால் ஹோகன் என்ற கனடா நாட்டு ஓவியரும் தொடங்கியது. வெளியே போர். ஒரே மாவட்டத்தில் வாழ்ந்தும் ஒருவரை ஒருவர் பயந்த தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். களிமண், வண்ணம், கதை, நாடகம், செடி, வளர்ப்பு விலங்குகள். வாரம் ஒரு நாள், மாதக்கணக்கில். உடன் இருந்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள். உனக்கு என்ன நடந்தது, சொல் என்று யாரும் பிள்ளையின் வாயைப் பிடுங்கவில்லை. போரின் காயம் ஒரு ஆளின் மூளைக்குள் மட்டும் இருப்பதில்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே காயம் பட்டிருக்கிறது என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தொடர்ந்து எழுதியிருக்கிறார். ஊருக்குப் பட்ட காயத்தை ஊரோடு சேர்ந்துதான் ஆற்ற வேண்டும். சுற்றுலா வந்தவர் இரண்டு இரவில் தனியாக ஆற்றிக்கொண்டு காரில் இறங்கிப் போகிற விஷயம் இல்லை அது.

சரி, நம் மலையில் என்ன நிலைமை? சட்டத்தைப் பார்ப்போம்.

2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளில் பிள்ளைகள் எண்ணிக்கை நூறைத் தாண்டினால் கலைக் கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நூறைத் தாண்டினால்தான்! ஒன்று முதல் ஐந்து வரைக்கு அந்தப் பேச்சே இல்லை. மாரமங்கலம் பக்கமோ நாகலூர் பக்கமோ போய்ப் பாருங்கள். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஒரு மலைச்சரிவு. சின்னச் சின்ன ஊர், சின்னச் சின்னப் பள்ளி. மூன்று வகுப்பில் நூறு பிள்ளைகளுக்கு எங்கே போவது? மலைப் பிள்ளைக்கு ஓவிய ஆசிரியர் கிடையாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. நூறு என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டது, அதுவே போதும்.

2012-ல் எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள் மொத்தம் 16,549 பேர். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி எல்லாம் சேர்த்து. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. மே மாதச் சம்பளம் கிடையாது என்பது அவர்களின் நெடுநாள் குறையாக இருந்தது. அதன்பிறகு சம்பளத்தைச் சில முறை கூட்டினார்கள். ஆனால் நிரந்தரம் செய்யுங்கள் என்று அவர்கள் எத்தனை முறை சென்னைக்குப் போய்ப் போராடினார்கள் என்பது செய்தி படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆட்சி மாறினாலும் அவர்கள் கையில் இருந்த தட்டி மாறவில்லை.

2022-ல் இருந்து கலைத்திருவிழா நடத்துகிறார்களே என்பீர்கள். நல்ல விஷயம். அரசுப் பள்ளிப் பிள்ளை மேடை ஏறுவதைப் பார்த்து நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் அது போட்டி. போட்டியில் நன்றாக வரைகிற பிள்ளைதான் போகும். நான் பேசுவது நன்றாக வரையாத பிள்ளையைப் பற்றி. அந்த 39 பேரில் பரிசு வாங்கியவர் என்று யாரும் இல்லை, பரிசே இல்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

'டிராயிங் டீச்சர் தெரபிஸ்ட் ஆகிவிடுவாரா?' மாட்டார். ஆகக் கூடாது. ஆர்ட் தெரபி முறையாகப் படிக்க வேண்டிய தொழில். பிரிட்டனில் பதிவு செய்யாதவர் அந்தப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் சட்டப்படி குற்றம். பிள்ளையின் படத்தைப் பார்த்து நோய் கண்டுபிடிக்கும் வேலையை ஆசிரியர்கள் செய்யவே கூடாது. ஒரு முறை பயிற்சி முகாமில் ஒருவர் சொன்னார், கருப்பு நிறத்தை அதிகம் பூசும் பிள்ளைக்கு மனச்சோர்வு என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பள்ளியில் பன்னிரண்டு கலர் பெட்டி ஒன்றை எட்டுப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்வார்கள். சிவப்பும் மஞ்சளும் முதல் வாரமே தீர்ந்துவிடும். மிஞ்சுவது கருப்பு. அந்தக் கணக்குப்படி எங்கள் பள்ளி முழுக்க மனச்சோர்வுதான். பிள்ளை தொடர்ந்து சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பேசவில்லை, தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறது என்றால் படத்தை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வீட்டிலோ வெளியிலோ யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் 1098.

டிராயிங் பீரியட் என்பது சிகிச்சை இல்லை. சிகிச்சை வரைக்கும் போகாமல் எத்தனையோ பிள்ளைகளைத் தாங்கிப் பிடிக்கிற கைப்பிடிச் சுவர் அது. கொண்டை ஊசி வளைவில் சுவர் எதற்கு, விழுந்தால் ஆம்புலன்ஸ் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்களா?

'எழுத்துக் கூட்டிப் படிக்கவே வரவில்லை, படம் எதற்கு?' இது நானே சொன்ன வாதம். வாய்ப்பாட்டுக்காக அந்த பீரியடை எடுத்தவள் நான். முடிவு என்ன? அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடும் வரவில்லை. பயத்தில் இருக்கிற தலைக்குள் ஏழெட்டு ஐம்பத்தாறு ஏறாது. இதற்கு ஸ்கேன் வேண்டாம்.

'வசதி இருக்கிறவர் ரிசார்ட்டில் போய் மண்டலா வரைந்தால் உனக்கு என்ன?' ஒன்றும் இல்லை. மன உளைச்சலோடு வருகிறவர் அங்கே நிம்மதி அடைந்தால் நல்லதுதான். அவருடைய வேதனையும் வேதனைதான். என் சண்டை அவரோடு இல்லை. அந்த விடுதியின் வேலிக்கு அந்தப் பக்கம் காபிப் பழம் பறிக்கிறவரின் பிள்ளைக்கு, அதே மலையில், அதே அறிவியல் ஏன் பொருந்தாது என்பதுதான் என் கேள்வி.

செய்ய முடியுமா என்றால் முடியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி திறந்த முதல் நாள் எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் பாடம் எடுக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கியும் எடுக்கவில்லை. பழைய நோட்டில் எழுதாத பக்கங்களைக் கிழித்துக் கொடுத்து, மழையன்று வீட்டில் இருந்து என்ன பார்த்தீர்களோ அதை வரையுங்கள் என்றார். முக்கால்வாசிப் பேர் உடைந்த ரோட்டை வரைந்தார்கள். அவர் அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாள் இன்னொரு தாள் கொடுத்து, அதுக்கப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார். ஜே.சி.பி. வரைந்தார்கள். எல்லாத் தாளிலும் மஞ்சள் ஜே.சி.பி., பக்கத்தில் தொப்பி போட்ட ஆட்கள், பின்னால் வரிசையாக நிற்கும் பஸ். ஒரு பையன் மட்டும் மூன்று நாளும் உடைந்த ரோட்டையே வரைந்தான். அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தார். மொத்தச் செலவு பூஜ்யம். அவர் நியூரோ என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பாரா என்பதே சந்தேகம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று, மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு அந்த நூறு என்ற எண்ணிக்கையைத் தளர்த்துங்கள். ஒரு பள்ளிக்கு ஒருவர் முடியாவிட்டால் ஒரு குறுவள மையத்துக்கு ஒரு ஓவிய ஆசிரியரைப் போட்டு, நாளுக்கு ஒரு பள்ளி என்று சுற்றி வரச் சொல்லுங்கள். தொடக்கப் பள்ளிகளையும் அதில் சேருங்கள்.

இரண்டு, ஏற்கெனவே இருக்கும் பகுதிநேர ஆசிரியர்களைப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் வாங்குகிற மனிதர்களாக நடத்துங்கள். அடுத்த மாதச் சோற்றுக்குக் கவலைப்படுகிறவரிடம் போய், பிள்ளையின் மனதை அமைதிப்படுத்து என்று எப்படிச் சொல்வீர்கள்?

மூன்று, ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் டிராயிங் நோட்டையும் கேளுங்கள். மார்க் போட அல்ல. அந்த பீரியட் நடந்ததா என்று தெரிந்துகொள்ள.

நான்கு, மலையில் விடுதி நடத்துகிறவர்களுக்கு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை உங்கள் பயிற்றுநரையும் களிமண்ணையும் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். ஆனால் பிள்ளைகளைப் போட்டோ எடுத்து விளம்பரத்தில் போடாதீர்கள்.

இதையெல்லாம் எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த விளம்பரம் வந்த பிறகு ஒரு நாள் மலைக்குப் போனேன். ஒண்டிக்கடை பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "டீச்சருங்களா?" என்று ஒரு குரல். அவள்தான். மர நிழலில் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு நரைத்திருக்கிறது, அவளுக்கும் நரை எட்டிப் பார்க்கிறது. நன்றாகப் பேசினாள். வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் கையில் நாலு கொய்யாவைத் திணித்தாள். நான் தயங்கித் தயங்கி அந்தக் கணக்கு நோட்டைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் எங்கிங்க டீச்சர் ஞாபகம் இருக்குது" என்று சிரித்தாள். அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

பக்கத்தில் அவள் மகள் நின்றாள். நாலாம் வகுப்பாம். "உங்க பள்ளிக்கூடத்துல டிராயிங் பீரியட் உண்டா கண்ணு?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "டைம்டேபிள்ல இருக்குதுங்க டீச்சர்."

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களே, வருகிற வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை மட்டும் கணக்குக்கு எடுக்காதீர்கள். பிள்ளைகளை வரைய விடுங்கள். சிவப்புப் பேனாவை மூடிப் பையில் வைத்துவிடுங்கள்.